யாரைக் கேட்டீர்கள்? – பள்ளிக்கூடமும் பெற்றோர் இசைவும்

அம்பத்தூரில் குடியிருக்கும் உறவுப் பெண்மணி ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் அப்பகுதிப் பள்ளியொன்றில் ஏழாம் வகுப்புப் பயில்கிறாள். ஒருநாள் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்டவென்று விருந்தினர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். எல்லாப் பிள்ளைகளையும் திடலில் அமர்த்தி, கண்களை மூடச் செய்து, தாம் சொல்லச் சொல்ல வழிபாட்டுச் சொற்கள் சிலவற்றைத் திருப்பிச் சொல்லச் செய்தார். மாலையில் வீடு திரும்பிய சிறுமி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, நான் சத்தம் வராமல் வாயை மட்டும்தான் அசைத்தேன். அதுவும் பாவமா?" என்று கேட்டிருக்கிறாள்.

தாயார் மகளைத் தேற்றிவிட்டார். ஆனால் எம்மிடம் அவர் கேட்டது வேறு. "மாமா, பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதென்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். தடுப்பூசி போடுவதென்றாலும் சீட்டு அனுப்புகிறார்கள். பிள்ளையின் ஈமானைத் தொடும்போது மட்டும் எங்களை யார் கேட்டார்கள்?"

கேள்வி எளியது. விடை அத்துணை எளியதன்று. அந்த விடை இந்திய அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் இருக்கிறது. இருந்தும் இல்லாததுபோல் இருக்கிறது. அப்பிரிவை ஒரு நூலைத் திறனாய்வதுபோல் சொல் சொல்லாக எடுத்து நிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சிறுமியின் அனுபவம் தனித்த ஒன்றன்று. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேனிலைப் பள்ளியிலும் சைதாப்பேட்டை மாதிரிப் பள்ளியிலும் பரம்பொருள் அறக்கட்டளையைச் சேர்ந்த மகாவிஷ்ணு என்பவர் மாணவர்களிடையே சொற்பொழிவாற்றினார். தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் மறுபிறவியும் முற்பிறவி வினையும் அங்கே பேசப்பட்டன. உடற்குறையோடு பிறப்பதற்கும் வறுமையில் பிறப்பதற்கும் முற்பிறவிப் பாவத்தைக் காரணமாகக் கூறும் பேச்சு அது. அங்கிருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, பள்ளியில் இதைப் பேசலாமா என்று வினவினார். பேச்சாளர் அவரையே மடக்க முற்பட்டார். இந்த வாக்குவாதத்தின் ஒளிப்பதிவு நாடெங்கும் பரவியது. செப்டம்பர் 7-ஆம் நாள் பேச்சாளர் சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். தலைமையாசிரியர்கள் இருவர் இடமாற்றம் செய்யப்பட்டனர். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு வரைமுறை வகுக்க ஆணையிட்டிருப்பதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அப்போது அறிவித்தார்.

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே ஓர் அரசுப் பள்ளி நெடுங்காலமாக நடந்து வருகிறது. அப்பிள்ளைகளின் முன்னிலையில் நின்று அதே சொற்களைக் கூற எவருக்கேனும் நா எழுமா? அவர்களுக்கு முன் கூறக் கூடாத ஒன்றை, பார்வையுள்ள பிள்ளைகளுக்கு முன் மட்டும் கூறலாம் என்று கொள்வது எந்த நியாயத்தில் சேரும்?

பரபரப்பு ஓய்ந்தது. கைது பற்றிப் பேசினோம். இடமாற்றம் பற்றிப் பேசினோம். ஆனால் அத்திடலில் அமர்ந்திருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டி எவராவது கேட்டார்களா என்ற வினா அந்த ஆரவாரத்தில் ஏறத்தாழ அமுங்கிப் போயிற்று. எம் உறவுப் பெண்மணி கேட்டது அந்த வினாவைத்தான்.

பழைய வழக்கு

இது நம் தலைமுறையில் முளைத்த வழக்கன்று. 1840-களில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ட்வீட்டேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்க முனைந்தார். சென்னை மக்கள் கொதித்தெழுந்தனர். கஜுல லட்சுமிநரசு செட்டியார் தாம் நடத்திய 'கிரசெண்ட்' இதழின் வாயிலாக எதிர்ப்புக்குக் குரல் கொடுத்தார். கம்பெனியின் இயக்குநர்களும் ஆளுநரின் கருத்துக்கு இசையவில்லை. இந்துப் பெருமகன் ஒருவர், பிறை என்று பொருள்படும் பெயரைத் தம் இதழுக்குச் சூட்டி, பிள்ளைகளின் சமய உரிமைக்காக வாதாடியது வரலாற்றின் அழகிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

இங்கிலாந்திலேயே 1870-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் மனச்சான்று விதி எனப்படும் விதியை வகுத்தது. சமய வகுப்பிலிருந்து தம் பிள்ளையை விலக்கிக் கொள்ளும் உரிமையை அது பெற்றோருக்கு வழங்கியது. சமய வகுப்பு நடக்கும். வேண்டாதவர் விலகலாம் என்பதே அதன் கருத்து. நம் அரசியல் சட்டம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. வேண்டாதவர் விலகலாம் என்று அது கூறவில்லை. வேண்டுபவர் இசைவளித்தால் மட்டுமே பிள்ளையைக் கலந்துகொள்ளச் செய்யலாம் என்று கூறிற்று. விலகுவதற்கு விண்ணப்பிப்பது வேறு. சேர்ப்பதற்கு இசைவு கேட்பது வேறு. முன்னதில் சுமை பெற்றோரின் தோள்மீது. பின்னதில் பள்ளியின் தோள்மீது. இவ்வேறுபாட்டை நம்முள் பலர் இன்னும் உணர்ந்திலர்.

சட்டத்தின் சொற்கள்

28-ஆம் பிரிவுக்கு மூன்று உட்பிரிவுகள் உண்டு. முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் கல்விக்கூடத்தில் சமய போதனை கூடாது என்பது முதலாவது. சமய போதனைக்கென்றே ஏற்பட்ட அறக்கட்டளையின் நிறுவனத்தை அரசு நிர்வகித்தால் அதற்கு அத்தடை இல்லை என்பது இரண்டாவது. அரசின் ஏற்பிசைவோ நிதியுதவியோ பெற்ற கல்விக்கூடத்தில், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பதும், மாணவர் சிறுவராயின் அவருடைய காப்பாளரின் இசைவு வேண்டும் என்பதும் மூன்றாவது.

இப்பிரிவு பிறந்த கதையில் நமக்கு நெருக்கமான ஒருவர் நிற்கிறார். 1948 டிசம்பர் 7-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, சென்னையின் உறுப்பினராகிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் ஒரு திருத்தம் முன்மொழிந்தார்கள். அரசு நடத்தும் பள்ளியாயினும், உதவி பெறும் பள்ளியாயினும், ஏற்பிசைவு பெற்ற பள்ளியாயினும், வயதுவந்தவராயின் அவருடைய இசைவும், சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவும் இன்றிச் சமய போதனையில் எவரையும் கலந்துகொள்ளச் செய்யலாகாது என்பது அதன் சாரம். அதாவது, அரசுப் பள்ளியில் சமய போதனைக்கு முழுத்தடை வேண்டா. பெற்றோர் இசைவு என்ற ஒரே வாயிலை வைத்தால் போதும் என்பது அவர்கள் கருத்து.

அத்திருத்தம் ஏற்கப்படவில்லை. டாக்டர் அம்பேத்கர் முழுத்தடைக்குக் காரணங்கள் கூறினார். எல்லா மக்களின் வரிப்பணமும் ஒரு சமயத்தின் பயனுக்குச் செலவிடப்படலாகாது. எண்ணற்ற சமயங்கள் நிறைந்த நாட்டில் ஒவ்வொருவர் பிள்ளைக்கும் அவரவர் சமயத்தைக் கற்பிக்க அரசுப் பள்ளியால் இயலாது. ஒவ்வொரு சமயமும் தன் வழியே மெய்வழி என்று சாதிக்கையில் அந்தப் பூசல் பள்ளிக்குள் புகும் என்பன அவர் கூறிய காரணங்களின் சுருக்கம்.

காயிதெ மில்லத் அவர்களிடம் நாம் கொண்டுள்ள மதிப்பு அளவிறந்தது. எனினும் திறனாய்வு என்று புகுந்தபின் மதிப்பை வாதத்துக்குப் பதிலாக வைத்தல் ஆகாது. எம் கருத்தில், அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை அம்பேத்கரின் முடிவே சரியானது. காரணம், இசைவு என்பது மறுக்கக் கூடியவரிடம் கேட்கும்போதுதான் இசைவாகும். நாற்பது பிள்ளைகளில் மூவர் முஸ்லிம்களாக இருக்கும் வகுப்பில், முப்பத்தேழு பெற்றோர் ஒப்பமிட்ட தாளை மூன்று பெற்றோரிடம் நீட்டினால், அவர்கள் எழுதுவது இசைவா, அச்சமா? மறுத்தால் பிள்ளை தனியே எழுந்து வெளியேற வேண்டும். வெளியேறும் பிள்ளையின் முதுகின்மேல் முப்பத்தேழு ஜோடிக் கண்கள் பதியும். இந்நிலையில் முழுத்தடை ஒன்றே சிறுபான்மைப் பிள்ளைக்கு அரண்.

ஆனால் காயிதெ மில்லத் அவர்களின் திருத்தத்தில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது; அதை அன்றைய சபை முழுதும் கண்டுகொள்ளவில்லை. தடை என்பது சொல்லளவில் நிற்கும்; நடைமுறையில் சமயம் பள்ளிக்குள் பல வேடங்களில் நுழையும்; அப்போது பெற்றோரின் கையில் ஒரு பிடிமானம் வேண்டும் என்பதே அவ்வுண்மை. இன்றைய சட்டத்தின்படி, உதவிபெறும் பள்ளியின் பெற்றோருக்கு இசைவு என்ற சொல் இருக்கிறது. முழுவதும் அரசு நடத்தும் பள்ளியின் பெற்றோருக்குத் தடை என்ற சொல் மட்டுமே இருக்கிறது. தடை மீறப்படும்போது அவர்கள் எந்தச் சொல்லைப் பற்றி நிற்பார்கள்?

ஆவடியின் காலை வழிபாடு

இவ்விடத்தில் இப்பிரிவின் மிகப்பெரிய பிளவைச் சுட்ட வேண்டும். முதல் உட்பிரிவு சமய போதனையை மட்டுமே தடுக்கிறது. வழிபாடு என்ற சொல் அங்கே இல்லை. மூன்றாம் உட்பிரிவில் போதனை, வழிபாடு இரண்டும் உள்ளன. அப்படியானால், முழுதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் காலை வழிபாடு நடத்தலாமா?

ஆவடியில் வாழ்வோர்க்கு இது ஏட்டுக் கேள்வியன்று. கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை சார்ந்த பிற நிறுவனங்களும் அமைந்த அவ்வூரில் கேந்திரிய வித்யாலயங்கள் பல உண்டு. பல மாநிலங்களிலிருந்தும் வந்த, பல சமயங்களைச் சார்ந்த ஊழியர்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் பயில்கின்றனர். நாடெங்குமுள்ள இப்பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் உபநிடதத்திலிருந்து எடுத்த வடமொழி வழிபாட்டு வரிகள் இடம்பெறுவதை எதிர்த்து, 2017-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவர் முஸ்லிம் அல்லர். சிறுபான்மையரின் பிள்ளைகளும் கடவுள் நம்பிக்கையற்றோரின் பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்படுத்தப்படலாகாது என்பது அவர் வாதம். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, இது பேரமர்வு ஆராய வேண்டிய வினா என்று கருதி அதனைத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியது.

அவ்வரிகள் ஒளியையும் உண்மையையும் வேண்டுபவை; அவற்றில் என்ன தீங்கு என்று கேட்பார் உளர். தீங்கு வரிகளில் இல்லை. உலகின் உயரிய மறைமொழிகளுள் அவையும் அடங்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் வழிபாடு என்பது உள்ளத்தின் செயல். உள்ளத்தின் செயலை அட்டவணைப்படி செய்விக்க இயலாது. செய்வித்தால் அம்பத்தூர்ச் சிறுமியைப்போல் பிள்ளை வாயை மட்டும் அசைக்கக் கற்றுக்கொள்ளும். ஒரு பள்ளி கற்பிக்கக் கூடிய பாடங்களில் இதைவிடக் கொடியது இல்லை.

1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப் பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். ஆனால் தம் நம்பிக்கை தடுத்ததால் பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986 ஆகஸ்டில், பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாட்டுப் பண்ணையே மனச்சான்றுக்கு எதிராகப் பாட வைக்கலாகாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் கூறியிருக்க, ஒரு விருந்தினர் சொல்லித்தரும் வழிபாட்டுச் சொற்களைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லியே தீர வேண்டுமோ?

போதனைக்கும் அறிவூட்டலுக்கும் உள்ள வேறுபாட்டையும் நீதிமன்றங்கள் காட்டியுள்ளன. 1971-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், 2002-இல் அருணா ராய் வழக்கிலும், சமயங்களைப் பற்றி அறியச் செய்வது வேறு, ஒரு சமயத்தைக் கடைப்பிடிக்கக் கற்பிப்பது வேறு என்ற கோடு வரையப்பட்டது. நம் பிள்ளைகள் புத்தரையும் மகாவீரரையும் இயேசுவையும் வள்ளலாரையும் அறியட்டும். பிற பிள்ளைகள் பெருமானார் (ஸல்) அவர்களையும் அறியட்டும். அதை நாம் வரவேற்கிறோம். அறிவதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை. வணங்கச் செய்வதற்குத்தான் இசைவு வேண்டும்.

கண்ணாடியை நம் பக்கம் திருப்பினால்

இதுவரை படித்த வாசகர்கள் தலையசைத்திருப்பர். இனிக் கூறப்போவது சற்றுக் கசக்கலாம். நியாயம் என்பது இருபுறமும் வெட்டும் வாள்.

தமிழகத்தில் நம் சமுதாயம் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் முஸ்லிமல்லாத பிள்ளைகளும் பெருந்தொகையினராய்ப் பயில்கின்றனர். 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நம்மையும் கட்டுப்படுத்துகிறது. தீனிய்யாத் வகுப்பு நடக்கும்போது அப்பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு என்று வேறிடம் ஒதுக்கும் நல்ல வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. எங்கேனும் அவ்வழக்கம் தேய்ந்து, ஆசிரியர் போதாமையாலோ கவனமின்மையாலோ எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டால், அங்கே ஓர் இந்துத் தாய் எம் உறவுப் பெண்மணியின் கேள்வியையே கேட்கலாம். அவளுக்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

முஸ்லிம் பெரும்பான்மை நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. துருக்கியில் 1982-ஆம் ஆண்டின் அரசியல் சட்டப்படி பள்ளிகளில் சமயப் பண்பாட்டுப் பாடம் கட்டாயம். அலவி மரபைச் சேர்ந்த ஹசன் ஜெங்கின் என்பவர், அப்பாடம் சுன்னத் வல் ஜமாஅத் நோக்கிலேயே அமைந்துள்ளதென்று கூறித் தம் மகளுக்கு விலக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. கிறித்தவ, யூதப் பிள்ளைகளுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. 2007 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விலக்குப் பெறுவதற்காகப் பெற்றோர் தம் நம்பிக்கையை அதிகாரிகளிடம் வெளிப்படுத்த வேண்டியிருப்பதையும் அது குறையாகக் கண்டது. பிள்ளைகளை முத்திரையிட்டுப் பிரிக்கும் விலக்கு, உரிமையின் உருவில் வரும் தண்டனையே.

இவ்விடத்தில் மார்க்கம் நமக்குக் கற்பிப்பதை எண்ணிப் பார்ப்போம். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்னும் பகரா அத்தியாயத்தின் 256-ஆம் வசனத்தை மேடைதோறும் ஓதுகிறோம். அது இறங்கிய சந்தர்ப்பமாக விரிவுரையாளர்கள் கூறும் செய்தியை எத்தனை பேர் நினைக்கிறோம்? மதீனாவின் அன்சாரிகள் சிலருடைய பிள்ளைகள் யூதர்களிடையே வளர்ந்து அவர்களின் மார்க்கத்தில் இருந்தனர். பனூ நளீர் கூட்டத்தார் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, தம் பிள்ளைகளை விடமாட்டோம் என்று பெற்றோர் துடித்தனர். அப்போது இறங்கியதாம் இத்திருவசனம். நிர்ப்பந்தம் இல்லை என்பது பெற்ற பாசத்தின் எல்லையிலேயே முதலில் ஒலித்த சொல். பெற்றோரின் கையையே அது தடுத்ததென்றால், ஊதியம் பெறும் ஆசிரியரும் ஒருநாள் வந்து போகும் பேச்சாளரும் எம்மாத்திரம்?

பார்வையற்றவரைப் பற்றியும் நமக்கு ஒரு பாடம் உண்டு. அபஸ அத்தியாயத்தின் தொடக்கம் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்னும் பார்வையற்ற தோழர் பொருட்டு இறங்கியது. குறைஷித் தலைவர்களோடு உரையாடிக் கொண்டிருந்த பெருமானார் (ஸல்) அவர்களுக்கே அங்கு மென்மையான கண்டிப்பு வந்தது. பின்னாளில் அத்தோழர் பிலால் (ரலி) அவர்களுடன் முஅத்தினாக விளங்கினார். பெருமானார் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார். அந்தப் பள்ளித் திடலில் எழுந்து நின்ற தமிழாசிரியரைப் பற்றிய செய்தியைப் படித்தபோது எமக்கு அத்தோழரின் நினைவே வந்தது.

இசைவு என்பது உடைமையன்று

பெற்றோர் இசைவு என்று இத்துணை வலியுறுத்தும்போது பிள்ளை பெற்றோரின் உடைமை என்று கொண்டுவிடலாகாது. ஒவ்வொரு குழந்தையும் இயற்கை நெறியில் பிறக்கிறது. பெற்றோரே அதற்கு வேறு வண்ணம் பூசுகின்றனர் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதனை நாம் பெருமையாகக் கூறுகிறோம். பெற்றோரின் பொறுப்பை உணர்த்தும் எச்சரிக்கையாக அதனைக் கேட்பது குறைவு. 1989-இல் உருவாகி, 1992-இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றில் குழந்தைக்கே உரிமை உண்டென்று கூறி, குழந்தையின் வளரும் ஆற்றலுக்கேற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டென்கிறது. காவலன் வேறு, உரிமையாளன் வேறு. பெற்றோரின் கையெழுத்து, பிள்ளையின் உள்ளத்து வாயிலில் நிற்கும் காவலனின் கையெழுத்து.

இனி, செய்யத்தக்கவை யாவை? வெளியிலிருந்து பேச்சாளர் எவர் வந்தாலும், அவர் பெயரும் பேசும் பொருளும் பெற்றோருக்கு முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். உதவிபெறும் பள்ளியில் சமய வகுப்போ வழிபாடோ உண்டெனில், சேர்க்கையின்போதே தனித்தாளில் இசைவு கேட்கப்பட வேண்டும். பெற்றோர் பேசாதிருந்தால் அது இசைவாகக் கொள்ளப்படலாகாது. இசையாத பிள்ளைக்கு அந்நேரத்தில் பயனுள்ள வேறு வகுப்பு இருக்க வேண்டும்; வாசலில் நிற்கும் தண்டனை கூடாது. முழுதும் அரசு நடத்தும் பள்ளியில் போதனையும் வழிபாடும் எவ்வேடத்திலும் நுழையலாகாது. இவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் எழுப்பலாம். கல்வி உரிமைச் சட்டம் (2009) அக்குழுக்களில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கே தந்திருக்கிறது. அவ்விடங்களில் நம் தாய்மார் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நாமே எண்ணிப் பார்ப்போமாக.

இவற்றுள் முதல் அடியை நாமே வைப்பது அழகு. நம் நிர்வாகத்திலுள்ள பள்ளிகள் அத்தகைய இசைவுத் தாளை அச்சிட்டு, முஸ்லிமல்லாத பெற்றோரின் கையில் கொடுக்கட்டும். பிறரிடம் உரிமை கேட்பவன் தன் வீட்டில் அதை முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது நம் குரலுக்கு வலிமை தானே வரும்.

அம்பத்தூர்ச் சிறுமிக்கு அவள் தாயார் என்ன விடை கூறினார் என்று கேட்டோம். "நீ பாவம் ஏதும் செய்யவில்லை. மறுமுறை வாயை அசைக்கவும் வேண்டாம். அமைதியாக உட்கார்ந்திரு, யாரேனும் கேட்டால், என் அம்மாவைக் கேளுங்கள் என்று சொல்" என்றாராம். இந்தத் தாய் அரசியல் சட்டத்தைப் படித்தவரல்லர். ஆனால் 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுக்கு இதனினும் தெளிவான உரையை யாம் கண்டதில்லை.